பொதிமாடும் உடன்படிக்கையும்

பள்ளிக்கூடச் சரித்திரத்தில் முதலாம் மைசூர் யுத்தத்துக்குக் கிடைத்திருக்கிற இடம் நாலைந்து வரிகள். 1767-இல் தொடங்கியது, ஹைதர் அலி சென்னை வாசல்வரை வந்தார், 1769-இல் சமாதானம் ஏற்பட்டது. யுத்தத்தின் கணிசமான பகுதி நடந்தது நான் வசிக்கிற இந்தப் பக்கத்தில்தான் என்பது எங்களூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை. அன்று இதற்குப் பாராமகால் என்று பெயர். இன்றைய தருமபுரி மாவட்டத்தின் பெரும்பகுதி, 2004-இல் அதிலிருந்து பிரிந்துபோன கிருஷ்ணகிரி, கிழக்கே திருப்பத்தூர் எல்லாம் அதில் அடக்கம். மேற்கே மைசூர் மேட்டுநிலம். கிழக்கே ஆற்காட்டுச் சமவெளி. மேலிருந்து இறங்குகிற படையும் கீழிருந்து ஏறுகிற படையும் இந்தக் கணவாய்களைத்தான் நம்பியிருந்தன.

யார் ஜெயித்தார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ஓர் அரசாங்கத்தின் படை நிற்கிற இடம் ஒன்று. அதன் வார்த்தை நிற்கிற இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விழக்கூடும் என்பதே இந்த யுத்தத்தில் நான் பார்ப்பது. வார்த்தைகளோடு மல்லுக்கு நிற்கிற நமக்கு இது வெறும் பட்டாளத்து விவகாரம் அல்ல.

1766 நவம்பரில் சென்னைக் கும்பினி அரசாங்கம் ஹைதராபாத் நிஜாமுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. வட சர்க்கார் ஜில்லாக்கள் கும்பினிக்கு. பதிலுக்கு நிஜாமுக்குப் படை உதவி. அடுத்த வருஷம் கர்னல் ஜோசப் ஸ்மித் நிஜாமின் துணைக்கு மைசூர் எல்லைக்குப் போனார். நிஜாமோ ஹைதருடன் பேசி முடித்துக்கொண்டு கட்சி மாறினார். இதற்கிடையே கும்பினியின் இன்னொரு படை பாராமகாலுக்குள் நுழைந்தது. வாணியம்பாடி, திருப்பத்தூர், காவேரிப்பட்டினம் எல்லாம் சுலபமாகக் கைக்கு வந்தன. கிருஷ்ணகிரிப் பாறை மட்டும் வரவில்லை. திடீர்த் தாக்குதல் ஒன்று தோற்றது. பிறகு முற்றுகை போட்டுவிட்டு மலையடிவாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

1767 ஆகஸ்டு கடைசியில் ஹைதரும் நிஜாமும் கணவாய் இறங்கி வந்தபோது முதல் அடி சிப்பாய்களின் மேல் விழவில்லை. ஹைதரின் குதிரைப்படை கும்பினிப் படையின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிற்று. செங்கம், தருமபுரி வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகப் படாது. தொறு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள் அவற்றில் பல. ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்குப் பிறகும் இந்த நிலத்தில் போர் மாட்டில்தான் ஆரம்பித்தது. அன்றைய ராணுவம் என்பது மாட்டின் முதுகில் நகர்ந்த ஒரு காரியம். அரிசி மூட்டை, வெடிமருந்து, கூடாரம், பீரங்கி எல்லாவற்றுக்கும் பொதிமாடும் இழுவைமாடும் வேண்டும். மாடு போனால் பட்டாளம் கால் போன மாதிரி.

ஸ்மித் திறமைசாலி. செப்டம்பர் 3-இல் செங்கத்திலும் 26-இல் திருவண்ணாமலையிலும் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய படையைத் தோற்கடித்தார். ஆனால் தோற்று ஓடினவர்களைத் துரத்திப் போக அவரிடம் அரிசியும் மாடும் இல்லை. அதே மாதம் பதினாறு பதினேழு வயதுப் பையனான திப்பு குதிரைப்படையோடு சென்னையைச் சுற்றியிருந்த தோட்ட பங்களாக்கள்வரை போய் வந்தான். நவம்பரில் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் மறுபடி ஹைதர் கைக்குப் போயின. ஆம்பூர் கோட்டை மட்டும் டிசம்பரில் ஸ்மித் வந்து சேரும்வரை தாக்குப்பிடித்தது.

இந்த நிலைமையில்தான் 1768 பிப்ரவரி உடன்படிக்கை வருகிறது. ஹைதரை விட்டு விலகிய நிஜாம் கும்பினியோடு மீண்டும் சேர்ந்தார். அதன்படி ஹைதர் ஒரு கலகக்காரர், ராஜ்யத்தை அபகரித்தவர். அவருக்குக் கொடுத்த சன்னதுகளும் பட்டங்களும் ரத்து. கணவாய்க்கு மேலேயுள்ள கர்நாடக தேசத்தின் திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, இனிமேல் கும்பினிக்கு. அதற்காகக் கும்பினி நிஜாமுக்கு வருஷம் 7 லட்சம் ரூபாய் கட்டும். கொடுத்தவருக்கு அந்த நிலம் சொந்தமில்லை. வாங்கினவருக்கு அந்த நிலத்தில் காலூன்ற இடமில்லை. மைசூர் ராஜ்யம் முழுவதையும் காகிதத்தில் வாங்கிய அன்று கிருஷ்ணகிரிப் பாறைகூட அவர்கள் வசம் வந்திருக்கவில்லை. அது மே மாதம்தான் சரணடைந்தது.

தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவைக்கு ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினார்கள் என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. அங்கே இருந்தவை பளபளவென்று இருந்தன. உபயோகப்பட்ட ஆயுதம் அப்படி இருக்காது. பிப்ரவரி உடன்படிக்கையும் அப்படி ஒரு பளபளப்பான பொருள்.

பிறகு படையோடு இரண்டு கவுன்சில் மெம்பர்களும் நவாப் முகம்மது அலியும் புறப்பட்டார்கள். தளபதிக்கு யோசனை சொல்வதும் பிடிக்கப்போகிற நாட்டை நிர்வகிப்பதும் இவர்கள் பொறுப்பு. அந்தக் கோடையில் கும்பினியின் கை ஓங்கித்தான் இருந்தது; தருமபுரி, ஓசூர், கோலார் எல்லாம் விழுந்தன. ஹைதர் சமாதானம் பேசினார். பாராமகாலை விட்டுக்கொடுக்கவும் 10 லட்சம் ரூபாய் தரவும் தயார் என்றார். சென்னை அதற்கு மேலே கேட்டது: யுத்தச் செலவு, இன்னும் நிலம், நிஜாமுக்குக் கப்பம். தராவிட்டால் யுத்தம் தொடரும் என்பது மிரட்டல். அதைத் தொடர்வதற்கான மாடும் அரிசியும் பணமும் தன்னிடம் இருக்கின்றனவா என்று மிரட்டினவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நவம்பரில் பதில் கிடைத்தது. ஸ்மித்தைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு படையைக் கர்னல் உட்டிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஓசூரைக் காப்பாற்றப் புறப்பட்ட உட், பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் பாகலூரில் விட்டுவிட்டுப் போனார். ஹைதர் பாகலூர்ப் பேட்டையில் புகுந்தார். கோட்டைக் கதவு மூடியிருந்தது. ஜனங்களும் மாடுகளும் அதை நோக்கி முண்டியடித்து ஒருவர்மேல் ஒருவர் நசுங்கிச் செத்தார்கள். எத்தனை பேர் என்பதை வெள்ளைக்காரச் சரித்திரக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உருட்டிச் சொல்கிறார்கள். ஹைதர் கொண்டுபோன பெரிய பீரங்கிகளை மட்டும் சரியாக எண்ணியிருக்கிறார்கள்: 18 பவுண்டர்கள், இரண்டு.

டிசம்பரில் பாராமகால் முழுவதும் கைமாறிற்று. கும்பினி தன் சிப்பாய்களைக் கோட்டைக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தூவி வைத்திருந்தது. தருமபுரி, தென்கரைக்கோட்டை, சேலம், நாமக்கல் என்று அவை வரிசையாக விழுந்தன. ஒன்றரை வருஷத்தில் பிடித்ததெல்லாம் சில வாரங்களில் போயிற்று. இப்போது சென்னை சமாதானத்துக்குத் தூது அனுப்பியது. சென்னை வாசலுக்கே வந்து பேசிக்கொள்கிறேன் என்ற தோரணையில் ஹைதர் பதில் சொன்னார், சொன்னபடி செய்தார். 1769 மார்ச் 29-இல் சுமார் 6,000 குதிரைகளோடு பரங்கிமலையில் நின்றார். ஏப்ரல் 4-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்ததை அவரவர் திருப்பித் தருவது, கரூர் ஹைதருக்கு, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவிக்கு வருவது. பதினாலு மாதங்களுக்கு முன்னால் அபகரித்தவர் என்று எழுதின அதே கை இப்போது நண்பர் என்று எழுதிற்று. அந்த வருஷம் லண்டனில் கும்பினியின் பங்கு விலை சரிந்தது.

நண்பர் என்ற சொல்லும் வெற்றுச் சொல்தான். மராட்டியர் படையெடுத்து 1771-இல் ஹைதரை நொறுக்கியபோது அவர் உதவி கேட்டுக்கொண்டே இருந்தார். சென்னை அசையவில்லை. 1780-இல் ஹைதர் செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம். ஆக மிரட்டல் மட்டுமல்ல, வாக்குறுதியும் பின்னால் மாடில்லாத வண்டிதான். வியட்நாமில் இதே கதை நம் காலத்திலும் நடந்தது. 1973-இல் பாரிஸில் கௌரவமான சமாதானம் என்று கையெழுத்திட்டார்கள். 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் விழுந்தது.

இதை வைத்து ஹைதரைத் தேசபக்தராக ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பாகலூரில் புகுந்தது அவர் படை. கோட்டைக்குள் இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள். கதவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

கும்பினி பாடம் கற்றுக்கொண்டது என்பதையும் சொல்லவேண்டும். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் நிரந்தரமாக அதன் வசம் வந்தபோது, அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் வந்து சேர்ந்தார்கள். சன்னதுகளோடு வரவில்லை, நிலம் அளக்கிற சங்கிலிகளோடு வந்தார்கள். நஞ்சை, புஞ்சை, ஏரி, கிணறு, ஏர், மாடு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்கள். ரயத்துவாரி முறை உருவானது இங்கேதான். காகிதத்தில் இருந்த வார்த்தைக்கும் நிலத்துக்கும் நடுவே இருந்த தூரம் இல்லாமல் போயிற்று. வெற்று மிரட்டலைக் கேட்டுச் சிரிக்கலாம். அளந்து எழுதின சொல்லை யாரும் சிரித்துத் தள்ள முடியவில்லை. ஒன்றரை நூற்றாண்டு அது நின்றது.

அந்தக் கணக்குகளில் குடியானவனின் மாடு உண்டு. பாகலூர்க் கதவடியில் செத்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவர்களுக்கு நடுகல்லும் இல்லை.