நீருக்குத் தோண்டிய நிலம்

கோணேசர் ஆலயத்தின் பொன்னும் மணியும் மண்ணிலோ கடலடியிலோ மறைந்து கிடக்கின்றன என்ற கதை திருகோணமலைத் துறைமுகத்தில் இன்றும் உலவுகிறது. கதைக்கு வரலாற்று வேர் உண்டு. 1622இல் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா ஆலயத்தை இடித்தான். பின்னர் கோட்டை கட்ட அதன் கற்களே உதவின. அழிவுக்குத் தப்பிய திருவுருவங்களை மண்ணில் மறைத்தோரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் அவற்றுட் சிலவற்றைக் கண்டோர் புதையல் வேட்டைக்காரர் அல்லர். 1950இல் நகரசபை கிணறு தோண்டுகையில் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் கண்டதும் பொற்குவியலன்று. செதுக்கிய கற்களும் தூண்களுமே!

அனுமதியற்ற அகழ்வை 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடுக்கிறது. ஆயினும் இலங்கையில் புதையல் வேட்டை ஓயவில்லை. சிலையின் மதிப்பு உலோகத்தின் எடையில் இல்லை. எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதிலன்றோ அதை மறைத்த மனிதரின் வரலாறு இருக்கிறது! பேராசையின் கடப்பாரை அந்தச் சான்றையே முதலில் சிதைக்கிறது. கோயிலைக் கட்டியோரும் காத்தோரும் பெயரற்ற மக்கள்; அவர்தம் ஒரே சாசனம் அந்த மண். அதைக் காப்பது நம் கடமை.