பெயரேட்டை வைத்திருப்பவர் யார்?



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓர் அகப்பக்கம் நடத்தி வந்தது. விளையாட்டுப் போட்டிப் படங்களும் பயிற்சித் தாள்களும் முன்னாள் மாணவர் பட்டியலும் அதில் இருந்தன. அதைக் கவனித்து வந்தவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றார். ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். ஒரு நாள் வகுப்பில் அந்த முகவரியைத் திறந்தபோது சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது. அவசரமாகத் திரையை அணைத்தேன். "சார், நம்ம பள்ளிக்கூடத்துப் பெயரை நம்மைக் கேட்காம யார் வித்தாங்க?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். பிழை எங்களுடையது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு விடை தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தாம் அறியும். பெயர்கள் மனிதருக்காக வைக்கப்பட்டவை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழு அதைப் பேணி வந்தது. புதிய கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இம்முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர் பெயர்களை ஒரு மரம்போல் கிளை பிரித்து அமைத்தார். கிளைகளை அந்தந்தப் பொறுப்பாளர் பார்த்துக்கொள்வர். எல்லாக் கிளைகளுக்கும் மூலமாக 'வேர்' என்னும் ஒரு சிறு கோப்பு இருக்கும். டாட் காம், டாட் மை, டாட் எஸ்ஜி போன்ற இறுதிப் பெயர்கள் எவை, அவற்றை நடத்தும் கணினிகள் எவை என்பது மட்டுமே அதில் எழுதியிருக்கும்.

நம் வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவன் நாள்தோறும் வந்து முன்வரிசையில் அமரலாம். பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அவன் பள்ளியில் இல்லை. வேர்க் கோப்பும் அப்படிப்பட்டதே.

அந்தப் பதிவேட்டில் எதை எழுதுவது என்று பல்லாண்டுக் காலம் தீர்மானித்தவர் ஜான் போஸ்டல் என்ற தனி மனிதர். நீண்ட தாடி, காலில் செருப்பு. தோற்றத்தில் ஒரு துறவியைப் போன்றவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் கழகத்தில் பணிபுரிந்தார். இப்பணிக்கான செலவை அமெரிக்க அரசு ஏற்றது; ஆனால் அதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. எல்லாரும் அவரை நம்பினார்கள், அவ்வளவுதான். மலேசியாவின் டாட் மை 1987-இலும் சிங்கப்பூரின் டாட் எஸ்ஜி 1988-இலும் பதிவேட்டில் ஏறின. எது நாடு, எது நாடு இல்லை என்ற வம்பில் அவர் தலையிடவே இல்லை. அதைத் தீர்மானிப்பது தம் வேலையன்று என்றும், அனைத்துலகத் தர அமைப்பின் ஈரெழுத்து நாட்டுப் பட்டியலையே பின்பற்றுவதாகவும் 1994-இல் எழுதி வைத்தார். இது நழுவும் விடைபோல் தோன்றலாம். எனக்கோ அது பெரும் விவேகமாகவே படுகிறது.

பணம் உள்ளே வந்ததும் சிக்கல் தொடங்கியது. டாட் காம் பெயர்களைப் பதியும் பணி 1993-இல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனத்திடம் ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது. அதுவரை இலவசமாக இருந்த பெயருக்கு 1995 செப்டம்பர் முதல் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம். வேறு கடை கிடையாது. இந்த ஏகபோகத்தை உடைக்க எண்ணிய போஸ்டலும் மற்றவர்களும் ஏழு புதிய இறுதிப் பெயர்களை உண்டாக்கத் திட்டமிட்டு, 1997 மே மாதம் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கையும் செய்தனர். வாஷிங்டன் இதை விரும்பவில்லை. தான் பணம் போட்டு வளர்த்த ஒன்று ஜெனீவாவுக்குப் போவதா என்ற எண்ணம் அங்கே இருந்தது.

1998 ஜனவரி 28. அப்போது உலகில் 13 வேர் வழங்கிகள் இருந்தன. அவையனைத்தும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் வைத்திருந்த முதல் வழங்கியிலிருந்தே கோப்பை நகலெடுத்து வந்தன. அன்று போஸ்டல், அரசின் கையில் இல்லாத எட்டு வழங்கிகளின் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் கோப்பைத் தம் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் அவ்வாறே செய்தனர். அமெரிக்க அரசு அமைப்புகளும் அந்நிறுவனமும் நடத்திய வழங்கிகள் மட்டும் பழைய வழியிலேயே நின்றன. இணையத்தின் வேர் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கோப்புகளிலும் ஒரே செய்தி இருந்தமையால் உலகில் யாரும் எதையும் உணரவில்லை. அந்த ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவன். கணினி அறையில் இணையத்துக்காக வரிசை பிடித்து நின்ற எங்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது!

வெள்ளை மாளிகைக்குத் தெரிந்தது. அதிபர் கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மேகசினர் தொலைபேசியில் விளக்கம் கேட்டார். அது வெறும் சோதனை என்றார் போஸ்டல். ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று. உண்மையிலேயே சோதனைதானா, தம் வலிமையை அரசுக்குக் காட்டினாரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எட்டுப் பேரில் ஒருவரும் அவருடைய அதிகாரத்தைக் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் என்னை நிறுத்தி வைக்கிறது. அதிகாரம் ஒப்பந்தத் தாளில் ஓரிடத்திலும், மனிதரின் மதிப்பில் வேறோரிடத்திலும் இருந்திருக்கிறது.

அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் கலிபோர்னியாவில் ஐகேன் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு பதிவு செய்யப்பட்டது. அடுத்த மாதம் 16-ஆம் நாள் போஸ்டல் காலமானார். வயது 55 தான். வேர்க் கோப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இறுதி ஒப்புதலை அமெரிக்க வணிகத்துறை தன்னிடமே வைத்துக்கொண்டது. 2003-இல் ஜெனீவாவிலும் 2005-இல் துனிசிலும் ஐ.நா. நடத்திய உச்சநிலை மாநாடுகளில் பல நாடுகள் இதை எதிர்த்தன. 2013-இல் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் அந்த எதிர்ப்பை மேலும் வளர்த்தன. ஒருவழியாக 2016 அக்டோபர் முதல் நாள் அந்த ஒப்பந்தம் காலாவதியாகி, பொறுப்பு ஐகேனிடமே சென்றது. 2022-இல் போர் மூண்டபோது ரஷ்யாவின் இறுதிப் பெயரை நீக்கும்படி உக்ரேன் கேட்டது, ஐகேன் மறுத்துவிட்டது. போஸ்டலின் பழைய விடையே மீண்டும் ஒலித்ததாக எனக்குத் தோன்றியது.

இதில் தமிழுக்கு என்ன இடம்? களப்பெயர்களில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவை மட்டுமே செல்லும் என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. அதை உடைக்க முயன்ற தொடக்கக்கால ஆய்வுகளுள் ஒன்று நம் பக்கத்தில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், 1998-இல் டான் டின் வீ தலைமையில் நடந்தது. 1995-இல் நா. கோவிந்தசாமியுடன் சேர்ந்து தமிழை இணையத்தில் ஏற்றியவரும் அவரே. கோவிந்தசாமி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர் என்பதை இவ்விடத்தில் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். ஆயினும், நுட்பம் கைகூடினாலும் பதிவேட்டில் எழுதுபவர் மனம் வைக்க வேண்டுமே!

2007 அக்டோபரில் ஐகேன் 11 மொழிகளின் சோதனைப் பெயர்களை வேரில் ஏற்றியது. அவற்றுள் தமிழும் ஒன்று. முழு முகவரி, 'உதாரணம்.பரிட்சை'. தமிழாசிரியன் என்ற முறையில் எனக்குச் சற்றே வலிக்கிறது. இரண்டும் வடசொற்கள், போதாததற்குப் 'பரீட்சை' என்று நெடிலாக வரவேண்டியது குறிலாகிவிட்டது. 'எடுத்துக்காட்டு.தேர்வு' என்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! உலகப் பதிவேட்டில் தமிழின் முதல் வரி எழுத்துப் பிழையோடு ஏறியது. அந்தச் சோதனைப் பெயர்கள் பிற்பாடு நீக்கப்பட்டன.

2009-இல் சியோல் கூட்டத்தில் நாட்டுப் பெயர்களைச் சொந்த எழுத்தில் எழுத ஐகேன் ஒப்புதல் தந்தது. 2010-இல் 'இலங்கை'யும், 2011-இல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' ஆகியவையும் தமிழிலேயே வேரில் ஏறின. நம் நாட்டின் பெயரும் ஏறியிருக்கிறது, ஜாவி எழுத்தில். தமிழில் இல்லை. அம்மொழி நாட்டின் ஆட்சிமொழியாகவோ அரசு அலுவல் மொழியாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பமும் நாட்டின் ஆதரவோடுதான் போக வேண்டும். ஐகேனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். சென்ற மாதம் தம்பியை அழைத்துப் போக வந்தபோது இவற்றை அவளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம பழைய பெயர் திரும்ப வராதா சார்?" என்றாள். அதை வைத்திருப்பவர் கட்டணம் கட்டும்வரை வராது என்றேன். புதிய அகப்பக்கத்திற்குக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளை அலுவலக நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.