காட்ஸில்லாவை நிறுத்த யார் பலி? ஜப்பானியத் திரையில் ஓர் எழுபதாண்டு வரலாறு

காட்ஸில்லா அணுகுண்டின் உருவகம் என்பது திரைப்பட வரலாறு படித்த எவரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. அதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒற்றை விளக்கத்தோடு நின்றுவிட்டால், 1954 முதல் 2023 வரை டோஹோ நிறுவனம் நடிகர்களை வைத்து எடுத்த 30 படங்களையும் ஒரே படமாகப் பார்க்க வேண்டிவரும். இக்கட்டுரை வேறொரு கேள்வியைப் பின்தொடர்கிறது. அந்த விலங்கைத் தடுத்து நிறுத்த யார் உயிரைக் கொடுக்கிறார்கள்? அந்தச் சாவைப் படம் எப்படிப் பார்க்கிறது? ஒவ்வொரு காலமும் இதற்கு வேறு விடை தந்திருக்கிறது. அந்த விடைகளை வரிசையாக வைத்தால், போரில் செத்தவர்களின் சாவுக்கு என்ன பொருள் கொடுப்பது என்று ஜப்பான் பட்ட பாடு தெரியவரும்.

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ‘காசில் பிராவோ’ ஹைட்ரஜன் குண்டு, வடிவமைத்தவர்கள் போட்ட கணக்கைப்போல் இரண்டரை மடங்கு வலுவோடு வெடித்தது. 15 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த டைகோ ஃபுகுரியு மாரு என்ற ஜப்பானியப் படகின் மீது சில மணி நேரத்தில் வெண்சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 மீனவர்களும் கதிரியக்க நோயோடு யாய்சு துறைமுகம் திரும்பினார்கள். டோக்கியோவின் சுகிஜி மீன்சந்தையில் கதிரியக்கம் ஏறிய சூரைகளைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். படகின் வானொலி இயக்குநர் ஐகிசி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்து இல்லத்தரசிகள் முன்னின்று நடத்திய கையெழுத்து இயக்கம் நாடெங்கும் பரவி, அடுத்த ஆண்டுக்குள் 3 கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், நவம்பர் 3 அன்று, முதல் காட்ஸில்லா படமான ‘கொஜிரா’ திரைக்கு வந்தது. படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு கப்பல் கண்கூசும் ஒளியில் தீப்பற்றி மூழ்குகிறது. அரங்கில் இருந்த யாருக்கும் அது என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் அதுவரை எதைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1945 செப்டம்பரில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் கொண்டுவந்த பத்திரிகைக் கட்டுப்பாடு, அணுகுண்டு பற்றிய செய்திகளையும் படங்களையும் அடக்கிவைத்தது. ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரலில் முடிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 தேதியிட்ட ‘அசாஹி குராஃபு’ இதழில்தான் ஹிரோஷிமா, நாகசாகி மக்களின் உடல்கள் அச்சில் பெருவாரியான மக்களின் கண்ணுக்குப் பட்டன. அதற்கும் இந்தப் படத்துக்கும் இடையே இரண்டே ஆண்டு.

படம் உருவான கதையில் இன்னொரு இழை உண்டு. அதைப் பலரும் ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். தயாரிப்பாளர் தொமொயுகி தனாகா முதலில் எடுக்கவிருந்தது வேறு படம். போர் முடிந்தபின் இந்தோனேசிய விடுதலைப் போரில் சேர்ந்துகொள்ளும் ஒரு ஜப்பானியப் படைவீரனின் கதை அது; இந்தோனேசியாவில் படமாக்க ஏற்பாடாகியிருந்தது. ஜப்பான் மீதான கசப்பு ஆறாதிருந்த காலம். நடிகர்களுக்கு விசா கிடைக்கவில்லை, திட்டம் சரிந்தது. அந்த இடத்தை நிரப்ப அவசரமாகத் தேடிய கதைதான் கடலிலிருந்து எழும் விலங்கு. தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பான் வைத்துவிட்டு வந்த தீராக் கணக்கு ஒன்றின் வெற்றிடத்தில்தான் காட்ஸில்லா பிறந்தது என்பதை நான் தற்செயலாக ஒதுக்க விரும்பவில்லை. இந்த எழுபது ஆண்டில் படங்கள் எதைப் பேசாமல் விட்டன என்பதற்கு அதுவே முதல் தடயம்.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா சீனப் போர்முனைக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டவர்; 1946இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்டவர். சிறப்புக் காட்சிகளை அமைத்த எய்ஜி சுபுராயா, 1942இல் பேர்ள் ஹார்பர் தாக்குதலைக் கொண்டாடும் பிரச்சாரப் படத்துக்கு மாதிரிக் கப்பல்கள் செய்து புகழ்பெற்றவர். கப்பல்களை வெற்றிக்காக எரித்துக் காட்டிய அதே கைகள், 12 ஆண்டு கழித்து டோக்கியோவைத் துயரத்தோடு எரித்தன.

படத்தின் உள்ளே பலி என்ற எண்ணம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஓதோ தீவின் முதியவர் ஒருவர் பழங்கதை சொல்கிறார்: மீன் கிடைக்காத காலங்களில் ஊர்ப் பெண்களைத் தெப்பத்தில் ஏற்றிக் கடலுக்கு விடுவார்களாம், பசித்த கடல் விலங்குக்கு அது படையல். இப்போது எஞ்சியிருப்பது முகமூடி நடனச் சடங்கு மட்டும். விஞ்ஞானமும் பீரங்கியும் மின்வேலியும் தோற்றபின், படம் சுற்றிவளைத்து அந்தத் தெப்பத்துக்கே வந்துசேர்கிறது. போரில் ஒரு கண்ணை இழந்த விஞ்ஞானி செரிசாவா, கடல்நீரின் ஆக்சிஜனை அழிக்கும் பொருளைக் கண்டுபிடித்துவிட்டு அதை மறைத்துவைத்திருக்கிறார். அரசியல்வாதிகள் கைக்குப் போனால் அது அடுத்த ஆயுதமாகிவிடும் என்பது அவர் அச்சம். பாழான நகரத்தையும் பள்ளிச் சிறுமிகளின் அமைதிப் பிரார்த்தனையையும் தொலைக்காட்சியில் பார்த்தபின் மனம் மாறுகிறார். ஆய்வுக் குறிப்புகளை எரிக்கிறார். கடலடியில் அதை இயக்கிவிட்டுத் தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறார்.

இந்தச் சாவை விமர்சகர்கள் அறத்தின் உச்சமாகப் பாராட்டுவது வழக்கம். எனக்கோ அதில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, ஆயுதம் செய்யும் அறிவே தன்னைத் தடுத்துக்கொள்ள வேண்டும் என்ற குரல். ஓப்பன்ஹைமர் தலைமுறையின் மனசாட்சி அது. மற்றொன்று மிகப் பழையது, போர்க்கால ஜப்பான் தன் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தது: நல்லவன் தன் உயிரைக் கொடுத்து எல்லாரையும் காப்பான். தற்கொலைப் படை விமானிகளை அனுப்பிவைத்த அதே இலக்கணத்தில்தான் செரிசாவாவின் சாவும் எழுதப்பட்டிருக்கிறது. நோக்கம் தலைகீழானது, வடிவம் அப்படியே இருக்கிறது. தோற்ற நாடு தன் துக்கத்துக்கு வேறு மொழியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 96 லட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அரங்கில் அழுதவர்கள் எந்தக் குரலுக்கு அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் படத்தின் ஆழமும்.

1956இல் அமெரிக்கா இதை வெட்டி ஒட்டி, ரேமண்ட் பர் நடித்த செய்தியாளர் பாத்திரத்தை நுழைத்து, வேறு பெயரில் வெளியிட்டது. ரயிலில் ஒரு பெண் நாகசாகியில் தப்பிப் பிழைத்ததைச் சொல்லும் பேச்சு போயிற்று. அணுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்று முதிய விஞ்ஞானி யமானே எச்சரிப்பதும் போயிற்று. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளிவர 2004 ஆகவேண்டியிருந்தது.

பொருளாதாரம் ஓங்கிய 1960களில் பலி தேவைப்படவில்லை. 1962இல் கிங் காங்குடன் மோதல், 1964இல் மூன்று தலை கிடோராவை விரட்டும் காவலன், அடுத்த ஆண்டு வேற்றுக்கோளில் குதித்தாடும் கோமாளி என்று விலங்கு குழந்தைகளின் தோழனாயிற்று. இவற்றை வீழ்ச்சி என்று ஒதுக்குவோர் உண்டு. வயிறு நிறைந்த தலைமுறை தன் பெற்றோரின் பேயோடு விளையாடிப் பார்த்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வரிசையில் 1971இன் ‘ஹெடோரா’ மட்டும் தனித்து நிற்கிறது. மினமாட்டா, யொக்காய்ச்சி ஊர்களின் நச்சுக்கழிவு நாடெங்கும் பேசப்பட்ட நேரம். கழிவிலிருந்து வளரும் அரக்கனில் அந்தப் பேச்சு நேராக வந்து விழுந்தது. 1975க்குப் பின் தொடர் நின்றது.

1984இல் திரும்பி வந்தபோது தடுக்கும் பொறுப்பு அரசிடம் போயிற்று. அமெரிக்காவும் சோவியத்தும் டோக்கியோ மீது அணு ஆயுதம் பயன்படுத்த அனுமதி கேட்க, ஜப்பானியப் பிரதமர் மறுக்கிறார். 1991இன் படம் பழைய புண்ணைக் கிளறியது. 1944இல் ஒரு பசிபிக் தீவில் ஜப்பானியப் படைப்பிரிவு ஒன்றை ஒரு தொல்விலங்கு அமெரிக்கரிடமிருந்து காப்பாற்றுகிறது. அதுவே பிறகு கதிரியக்கத்தால் காட்ஸில்லா ஆகிறது. உயிர்பிழைத்த தளபதி செல்வந்தத் தொழிலதிபராக வளர்ந்து, தன் கோபுரக் கட்டடத்தின் உச்சியில் அதன் கண்ணை நேருக்குநேர் பார்த்தபடி அழிகிறார். போர் கழிந்து வளம் பெற்றவர்களின் கடன் திரும்பிக் கேட்கப்படும் காட்சி அது. தொடரின் மிகக் கூர்மையான சில நிமிடங்கள் இவை. படத்தின் மற்ற பகுதிகள் அவற்றுக்கு ஈடாகவில்லை.

சபுரோ கவாமோத்தோ, நொரிஹிரோ கட்டோ ஆகிய விமர்சகர்கள் காட்ஸில்லாவை வீடு திரும்பாத போர்ச்சாவுகளின் ஆவியாகப் படித்தார்கள். டோக்கியோவை மிதித்துத் தள்ளும் விலங்கு பேரரசர் மாளிகையைத் தொடாமல் திரும்புவதைக் கவாமோத்தோ சுட்டிக்காட்டினார். 2001இல் ஷுசுகே கனேகோ இயக்கிய படம் இந்த வாசிப்பையே வசனமாக்கியது: மறந்துபோன நாட்டின் மீது பசிபிக் போரில் மாண்டவர்களின் சினம் பாய்கிறது. சிறு நீர்மூழ்கியில் விலங்கின் வாய்க்குள் போகும் கடற்படைத் தளபதி உயிரோடு வெளியே வருகிறார். செரிசாவா அறுத்த கயிறு இங்கே அறுபடவில்லை. அது அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்காத திருப்பம்.

2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஃபுகுஷிமா அணுவுலை விபத்தும் எல்லாவற்றையும் மாற்றின. ஹிதெஅக்கி அன்னோ, ஷின்ஜி ஹிகுச்சி இயக்கிய 2016இன் ‘ஷின் கொஜிரா’வில் தனிநாயகன் இல்லை, கூட்ட அறைகள், கோப்புகள், அமைச்சகங்களுக்கிடையே இழுபறி. இரத்தத்தை உறையவைக்கும் மருந்தை விலங்கின் வாயில் ஊற்றக் கான்கிரீட் பம்ப் லாரிகள் வருகின்றன. ஃபுகுஷிமாவில் எரிபொருள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அவைதான் போயின. திட்டத்தின் பெயரோ, எட்டுத்தலைப் பாம்பை மதுவூட்டி வீழ்த்திய ‘கொஜிகி’ புராணத்திலிருந்து எடுத்தது. பணியில் இறங்குவோரின் உயிருக்கு உறுதி தர முடியாது என்று இளம் அதிகாரி யாகுச்சி வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அனுப்புகிறான். முதல் அணி அழிகிறது. அடுத்த அணி முன்னேறுகிறது. அந்தச் சாவுகளுக்குத் திரையில் சில விநாடிகளே. இங்கே என் உடன்பாடு முறிகிறது: பலி இப்போது நிர்வாகக் கணக்கில் ஓர் இனமாகிவிட்டது, பெயரோ முகமோ அழுகையோ இல்லாமல். படத்தின் வேகத்தை வியந்தவர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை.

அதற்கு மறுமொழிபோல் வந்தது தகாஷி யமாசாக்கியின் 2023 படம் ‘மைனஸ் ஒன்’. நாயகன் ஷிகிஷிமா, விமானம் பழுது என்று பொய் சொல்லி ஓதோ தீவில் இறங்கிய தற்கொலைப் படை விமானி. 1944 அக்டோபரில் சென்ற முதல் தற்கொலைப் படைப் பிரிவுகளில் ஒன்றின் பெயரே அவனுக்கு இடப்பட்டிருக்கிறது. அமெரிக்கா சோவியத்துக்கு அஞ்சி ஒதுங்க, ஜப்பானிய அரசும் கைவிட, முன்னாள் கடற்படையினர் தாமாகக் கூடுகிறார்கள். வேண்டாம் என்று எழுந்துபோவோரை யாரும் தடுப்பதில்லை. இந்த நாடு உயிரை மலிவாக நடத்தியது என்று பொறியாளர் நோடா பேசும் இடம்தான் படத்தின் அச்சு: கவசம் குறைந்த டாங்கிகள், உணவு போகாத போர்முனைகள், விமானி வெளியேற வழியில்லாத விமானங்கள். இது வெறும் வசனமில்லை. இறந்த ஏறத்தாழ 23 லட்சம் ஜப்பானியப் படையினரில் பெரும்பான்மையோர் பட்டினியாலும் அதையொட்டிய நோயாலும் மாண்டார்கள் என்று வரலாற்றாளர் அகிரா ஃபுஜிவாரா கணக்கிட்டிருக்கிறார். முடிவில் ஷிகிஷிமா வெடிமருந்து நிரப்பிய ஷின்தென் விமானத்தைக் காட்ஸில்லாவின் வாய்க்குள் செலுத்துகிறான். விமானப் பொறியாளர் பொருத்திக்கொடுத்த வெளியேறும் இருக்கை அவனைக் காப்பாற்றுகிறது. 1954இன் தியாகச் சாவு 69 ஆண்டு கழித்து மறுக்கப்பட்டது. தொடரின் மிகப் பெரிய அறத் திருப்பமாக நான் இதைக் கருதுகிறேன். 2024இல் கிடைத்த ஆஸ்கர் சிறப்புக் காட்சிகளுக்கானது. பாராட்டுரைகளில் இந்த இருக்கை பற்றிய பேச்சு அரிதாகவே இருந்தது.

ஆனால் நோடாவின் கணக்கில் ஜப்பானியர் மட்டுமே இருக்கிறார்கள். உயிரை மலிவாக நடத்திய அதே அரசு, சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுபோய்க் காலராவுக்கும் பசிக்கும் விட்டது. சாவாவிலிருந்தும் ஆட்களை அள்ளிப்போனது. தனாகாவின் கைவிடப்பட்ட படத்துக்குக் கதவடைத்தது அந்த நினைவுதான். 1954க்கும் 2023க்கும் நடுவே எந்தக் காட்ஸில்லாப் படமும் அந்தக் கதவைத் தட்டவில்லை. 2001இன் படம் மட்டும் மாண்டவர்களின் சினம் என்று பொதுவாகச் சொல்லி, யார் மாண்டார்கள் என்பதைத் திறந்து வைத்திருக்கிறது.

பிகினியின் மக்களும் அப்படியே. ‘மைனஸ் ஒன்’ காட்ஸில்லாவை அரக்கனாக்குவது 1946இல் அங்கே நடந்த அணுச் சோதனை. அந்த ஆண்டு மார்ச்சில், மனிதகுலத்தின் நன்மைக்காக ஊரை விட்டுக்கொடுக்குமாறு ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி கேட்டுக்கொள்ள, 167 பேர் தங்கள் தீவிலிருந்து கப்பலேறினார்கள். 1954இல் பிராவோவின் சாம்பல் டைகோ ஃபுகுரியு மாருவில் மட்டுமின்றி ரோங்கெலாப் தீவிலும் விழுந்தது. அங்கிருந்தவர்களை இரண்டு நாள் கழித்தே அப்புறப்படுத்தினார்கள். 1970களில் பிகினிக்குத் திரும்பிய சில குடும்பங்களின் உடலில் கதிரியக்கம் ஏறியதால் 1978இல் அவர்களையும் மீண்டும் வெளியேற்ற நேர்ந்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கிலி தீவிலும் மஜூரோவிலும் பிற ஊர்களிலும் சிதறி வாழ்கிறார்கள்.