மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

1990 ஆகஸ்ட் 3. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த கிழக்கிலங்கையில், மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர், கைக்குழந்தைகள் உட்பட, கொன்று குவிக்கப்பட்டனர். அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சி வளர்ந்தார்கள்.

அந்த அச்சத்தோடு மல்லுக்கட்டவே 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா பிறந்தது. உளவள ஆலோசகரான இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் முன்னின்றார்கள்.

ஆனால் பூங்காவை நாள்தோறும் நடத்தியவர்கள் உள்ளூர் இளைஞர்களும் யுவதிகளும்தான். தமிழரும் முஸ்லிம்களுமான அவர்களும் போருக்குள் வளர்ந்தவர்களே.

தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைப் பூங்காவுக்கு பஸ் ஏற்றி வந்தது. வாரம் ஒரு நாள், மாதக்கணக்கில் அதே பிள்ளைகள் சேர்ந்து வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், அதை நாடகமாக ஆடினார்கள். நடந்ததைச் சொல்லும்படி யாரும் வற்புறுத்தவில்லை. வாய் திறக்காத பிள்ளையின் துயரம் மண் பொம்மையிலோ ஓவியத்திலோ தானாக வெளிப்படும்வரை பூங்காவை நடத்தியவர்கள் பொறுத்திருந்தார்கள். அந்தப் பொறுமைதான் இந்தப் பூங்காவின் பெரும் சாதனை.

போர் ஓயாத காலத்திலும் வேலை தொடர்ந்தது. மட்டக்களப்பில் கண்ட அனுபவத்தைக் கொண்டு ஹோகன் பின்னர் கம்போடியாவிலும் குழந்தைகளுக்காக இத்தகைய பணியைத் தொடங்கினார்.