நீர்க்கரையும் மன அமைதியும்: ஆரம்பாக்கம் – பழவேற்காடு ஏரிப் பகுதியின் வரலாறு

ஆரம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தமிழ்நாடு – ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர். சென்னை – கூடூர் ரயில் பாதையும் கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வூர் வழியே செல்கின்றன. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. கிழக்கே சுண்ணாம்புக்குளம், ஓபசமுத்திரம் ஆகிய ஊர்களைக் கடந்தால் பழவேற்காடு ஏரி தொடங்குகிறது. ஒரு பக்கம் ஆலைகளும் மறுபக்கம் அகன்ற நீர்ப்பரப்பும் கொண்ட இப்பகுதியின் வரலாறு, நீர்நிலைக்கும் மனித மனத்துக்கும் உள்ள தொடர்பை அறிந்துகொள்ள நல்ல சான்றாகும்.

ஏரியின் அமைப்பு

பழவேற்காடு ஏரி நன்னீர் ஏரி அன்று. கடலோடு தொடர்புடைய உவர்நீர்க் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. நீர் ஏற்றத்தின்போது ஏறத்தாழ 450 சதுர கி.மீ. வரை விரியும் ஏரி, வற்றத்தின்போது 250 சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்கும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. தெற்கே ஆரணி ஆறும், மேற்கே காளங்கி ஆறும், வடக்கே சுவர்ணமுகி ஆறும் இதற்கு நீர் தருகின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் ஸ்ரீஹரிகோட்டா தீவு உள்ளது.

பண்டைத் தமிழர் பார்வை

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டன. நெய்தலுக்கு இலக்கணம் வகுத்த உரிப்பொருள் இரங்கல். அதாவது பிரிவால் வருந்துதல். அதன் சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். நெய்தல் பாடல்களில் தலைவி கடலையும் கழியையும் நாரையையும் நண்டையும் விளித்துத் தன் துயரைச் சொல்வாள். 'கழி' என்பது பழவேற்காடு போன்ற உப்பங்கழியே.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நீரைக் கண்டதும் துயரம் மறைந்துவிடும் என்று சங்கப் புலவர்கள் சொல்லவில்லை. துயரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும், வீட்டாரிடம் சொல்ல முடியாததைக் கேட்க ஒரு துணை வேண்டும் என்பதையே அவர்கள் உணர்ந்திருந்தனர். மனம் நொந்தவர் மாலையில் கரைக்குச் சென்று அமர்வது இன்றும் காணும் வழக்கம்.

மகிழ்ச்சிக்கும் நீர் இடமளித்தது. வையையில் புதுப்புனல் வரும்போது மதுரை மக்கள் திரண்டு நீராடியதைப் பரிபாடல் விரிவாகக் காட்டுகிறது. ஆடிப்பெருக்கு, மாசி மகம், காணும் பொங்கல் ஆகிய நாட்களில் குடும்பத்தோடு நீர்க்கரைக்குச் செல்லும் வழக்கம் அந்த மரபின் தொடர்ச்சி எனலாம்.

ஒல்லாந்தர் காலமும் கால்வாயும்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களது வணிகத்தின் மையம் இதுவே. கோட்டை அழிந்துவிட்டது, அவர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார். அது பின்னர் பழவேற்காடு ஏரி வழியாக வடக்கே நீண்டது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, பசியால் வாடியவர்களுக்குக் கூலி வேலையாகச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகு, உப்பு, நெல் ஏற்றிய படகுகள் அதில் சென்றன.

இக்கால்வாயில் நண்பர்களோடு இரவில் படகேறிச் சென்ற அனுபவத்தைப் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையாக்கினார். பயணத்தின் இன்பத்தோடு, படகை நகர்த்தப் பாடுபட்ட தொழிலாளரின் உழைப்பும் அதில் இடம்பெறுகிறது. ஒரே நீர் ஒருவருக்கு ஓய்வாகவும் மற்றொருவருக்கு வேலையாகவும் இருப்பதை இது நினைவூட்டுகிறது.

மருத்துவமும் ஆய்வும்

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் கடல்நீர் மருந்தாகக் கருதப்பட்டது. இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு ரஸ்ஸல், கடல் நீராடலைப் பரிந்துரைத்து 1750-களில் நூல் வெளியிட்டார். அதன்பின் பிரைட்டன் முதலிய கடற்கரை ஊர்கள் வளர்ந்தன. சென்னையில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் கடற்கரை உலாச் சாலை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயரிட்டார்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உளவியலாளர்கள் இதை ஆராயத் தொடங்கினர். வேலையில் ஒன்றையே கூர்ந்து கவனிக்கும் மனம் களைத்துப்போகிறது. இயற்கைக் காட்சிகள் முயற்சியின்றியே கவனத்தை ஈர்ப்பதால் அந்தக் களைப்பு நீங்குகிறது என்று ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் இணையர் 1989-இல் வெளியான நூலில் விளக்கினர். அலையின் சீரான ஓசை, தடையற்ற தொடுவானம், நீரில் ஒளியின் அசைவு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

2010-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், 120 படங்களைக் காட்டி மக்களின் விருப்பம் அறியப்பட்டது. நீர் இடம்பெற்ற படங்களே அதிக வரவேற்பைப் பெற்றன. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்து 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு, கடற்கரைக்கு அருகில் வாழ்வோர் தம் உடல்நலம் நன்றாக உள்ளது என்று கூறுவது அதிகம் எனக் கண்டது. வசதி குறைந்த பகுதிகளில் இப்பயன் கூடுதலாக இருக்கக்கூடும் என்றும் அது சுட்டியது. தொழிற்பேட்டைப் பகுதிகள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

எனினும் இந்த ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, நீர்க்கரை மனநோய்க்கு மருந்து என்று நிறுவவில்லை. தொடர்ந்த மனச்சோர்வு, தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் உள்ளோருக்கு மருத்துவ உதவி தேவை. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம்.

நீரை நம்பிய வாழ்வு

ஏரியில் இறங்கித் தொழில் செய்யும் மீனவருக்கு நீர் என்பது காட்சி அன்று, அன்றாடச் சோறு. இன்று மீன் கிடைக்குமா என்ற கவலையோடுதான் வலை இறங்குகிறது. அந்தக் கவலையைப் பங்கிட்டுக்கொள்ளப் பழவேற்காட்டு மீனவர் கண்ட வழி 'பாடு' முறை. நல்ல மீன்பிடி இடங்களைச் சிலரே பிடித்துக்கொள்ளாமல், குலுக்கல் மூலம் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது இதன் அடிப்படை. ஒருவருக்கு இன்று குறைந்தாலும் நாளை அவருக்கும் முறை வரும். பூசலையும் பொறாமையையும் குறைக்கும் இந்த ஏற்பாடு மன அமைதிக்கும் வழிசெய்தது எனலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலோர மக்களின் மனத்தில் நீரைப் பற்றிய அச்சத்தை விதைத்தது. அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் உளநல ஆதரவுப் பணிகளுக்கு உதவியது. இவை தவிர, முகத்துவாரம் மணலால் தூர்வதும், ஆலைகளும் துறைமுகங்களும் பெருகுவதும் பழவேற்காட்டு மீனவரின் நிலையான கவலைகள். முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் வரத்து நிற்கும். இறாலும் மீனும் குறையும். வாழ்வாதாரம் கெட்டவருக்கு அதே நீர்க்கரை ஆறுதல் தராது.

இன்றைய நிலை

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உள்ளூர் மக்களோடு பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் ஷிப்டு முறையில் உழைக்கின்றனர். இரும்பு உருக்காலைகளின் வெப்பத்திலும் இரைச்சலிலும் வேலை செய்பவருக்கு, திறந்த வானமும் நீரும் உள்ள ஓர் இடம் எளிதில் கிடைப்பதில்லை. ஏரி தொலைவில் இல்லை. ஆனால் அமர்ந்து இளைப்பாற நிழலும் பாதுகாப்பான கரையும் அரிது.

2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன்பின் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மன மகிழ்ச்சிக்காக நீரை நாடுவோர் பாதுகாப்பை மறக்கலாகாது என்பதற்கு இத்துயரம் ஓர் எச்சரிக்கை.

படகேறாமலும் ஏரியின் பயனைப் பெறலாம். ஆரம்பாக்கத்திலிருந்து தடா, அக்கம்பேட்டை நிலையங்களைக் கடந்தால் சூளூர்பேட்டை வரும். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியின் குறுக்கே செல்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடுவதைச் சாலையோரத்தில் நின்றே காணலாம். பறவைகளைக் காணச் செல்வோர் இரைச்சல் எழுப்பாமலும் நெகிழிக் குப்பைகளை விட்டுவராமலும் இருப்பது கடமை.

ஆலையில் உழைப்பவருக்கு ஏரி ஓய்வைத் தர முடியும். மீனவருக்கு அது வாழ்வைத் தருகிறது. ஏரி தூய்மையாகவும் முகத்துவாரம் திறந்தும் இருந்தால்தான் இவ்விரண்டும் நிலைக்கும். ஆகவே ஏரியைக் காப்பது மீனவர் நலனுக்கும் பறவைகளுக்கும் மட்டுமன்றி, இப்பகுதி மக்கள் அனைவரின் மனநலத்துக்கும் செய்யும் பணியாகும்.