நடுவில் நிற்கும் பெயர்: மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் ஆண்குழந்தைப் பெயரீடு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆண்குழந்தை பிறந்த வீட்டில் மலேசியத் தமிழ்ப் பெற்றோர் இன்று தேடுவது பெரும்பாலும் ஒரு பெயரை அன்று, இரண்டு பெயர்களை. முதற்பெயர் ஒன்று, அதனை அடுத்து நடுப்பெயர் ஒன்று, அதன்பின் தந்தையின் பெயர் என்னும் வரிசை அண்மைத் தலைமுறைகளில் வேரூன்றிவிட்டது. தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். இவ்வழக்கம் மேலைநாட்டாரிடமிருந்து பெற்ற இரவல் என்று கூறி ஒதுக்குவோர் உளர். அக்கருத்தில் பாதி உண்மை மட்டுமே உண்டு என்பது நம் எண்ணம். 'நடுப்பெயர்' என்னும் சொல் புதியது. ஆயின் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் தேவைப்பட்ட நிலை பழையது. அத்தேவை எங்குத் தோன்றியது, இம்மண்ணில் எவ்வாறு உருமாறியது என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

தந்தை பெயரும் தன் பெயரும்

பழந்தமிழ்ப் பெயரமைப்பில் மேலைநாட்டுப் பொருளிலான குடும்பப் பெயர் இல்லை. ஊர், தொழில், தந்தை, பட்டம் ஆகியவை இயற்பெயரைச் சூழ்ந்து நின்று ஆளை அடையாளம் காட்டின. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் புலவர் பெயரில் ஊரும், தந்தையின் தொழிலும், மகன்மை முறையும், இயற்பெயரும் ஒருங்கே அமைந்துள்ளன. கரூரை அடுத்த புகளூர்த் தமிழ்பிராமிக் கல்வெட்டு சேர மரபின் மூன்று தலைமுறையினரை 'மகன்' என்னும் சொல்லாலேயே கோத்துக் காட்டுகிறது. மலேசிய அடையாள அட்டையில் இரு பெயர்களுக்கு நடுவே நிற்கும் மகன்மைக் குறியைக் கண்டு முகம் சுளிப்போர், அதன் தமிழ் மூதாதையைப் புகளூர்ப் பாறையில் காணலாம்.

தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே வகுத்துள்ளது. எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியலில், தந்தை பெயரோடு மகன் பெயர் புணரும்பொழுது 'அன்' கெட்டு 'அம்' சாரியை பெறுதல் கூறப்படுகிறது. சாத்தன் மகன் கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆவான். கொற்றன் மகனுக்கும் கொற்றன் என்றே பெயரிருப்பின் 'கொற்றங்கொற்றன்' ஆவான். தந்தை பெயரும் மகன் பெயரும் ஒரே சொல்லாக ஒட்டி வழங்கும் அளவுக்கு அவ்வழக்கு மிகுந்திருந்தமையால்தான் இலக்கண ஆசிரியர் அதற்குத் தனி விதி கூற வேண்டியதாயிற்று. மறுதலையாக மகனால் தந்தை பெயர் பெறுவதும் உண்டு. ஆதன் தந்தை 'ஆந்தை' ஆவதும் அந்நூல் கூறும் புணர்ச்சியே. பிசிராந்தையார் பெயர் அவ்வாறு விளக்கப்படுவதைத் தமிழாசிரியர் நன்கறிவர்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வமைப்பு மேலும் தெளிவாகிறது. நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதி, ஆயிரக்கணக்கான பெயர்களை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பை ஆய்வாளர்க்கு வழங்கியது. தஞ்சைப் பெரிய கோவிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த படைத்தலைவன் கிருஷ்ணன் இராமன் என்பவன். மும்முடிச்சோழப் பிரமராயன் என்பது அவன் பெற்ற பட்டம். இங்குக் கிருஷ்ணன் என்பது தந்தை பெயர். இராமன் என்பதே அவன் பெயர். முதலில் நிற்பது முதற்பெயர் என்று மேலைநாட்டு முறையில் வாசித்தால் தந்தையை மகனாக்கிய பிழை நேரும். இன்றைய படிவங்கள் நாள்தோறும் செய்யும் பிழையும் இதுவே.

பெயரனும் அழைபெயரும்

'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரை உடையவன் பெயரன். முதற்பராந்தகன் மகன் அரிஞ்சயன். அரிஞ்சயன் மகன் இரண்டாம் பராந்தகன். பின்னவனே சுந்தரசோழன் என நாம் அறிந்தவன். அரச குடியில் மட்டுமன்றி எளிய குடும்பங்களிலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுதல் நெடுங்காலம் வழக்கிலிருந்தது.

இங்குதான் ஒரு சிக்கல் எழுந்தது. மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லுதல் ஆகாது. தந்தையும் தன் தந்தையின் பெயரைச் சொல்லி ஒரு சிறுவனை அதட்டவோ, 'வாடா போடா' எனவோ கூசினார். பிள்ளைக்கு இட்ட பெயரைப் பெற்றோர் இருவருமே பயன்படுத்த இயலாத நிலை! எனவே அழைப்பதற்கென்று மற்றொரு பெயர் வேண்டியதாயிற்று. 'தம்பி', 'ராசா', 'கண்ணு', 'சின்னவன்' என்பன அவ்வாறு வந்தவை. பல வீடுகளில் அழைபெயரே வாழ்நாள் முழுதும் நிலைத்தது. பாட்டன் பெயர் சடங்குக்கும் பத்திரத்துக்கும் மட்டுமே எனச் சுருங்கியது. ஒருவனுக்கு இரு பெயர் என்னும் வழக்கின் உள்நாட்டு வேரை நாம் இங்கே காண்கிறோம். எந்த மேலைநாட்டுப் படிவமும் இதனைத் தோற்றுவிக்கவில்லை.

தோட்டத்துப் பதிவேடு

மலாயாவுக்கு வந்த தமிழரின் பெயர்கள் முதன்முதலாகத் தொடர்ச்சியாக எழுதப்பட்டது கப்பல் பட்டியலிலும் தோட்டத்துச் 'செக்ரோலி'லும் எனலாம். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் உதவிபெற்றுத் தொழிலாளர் வருவதை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. இடைப்பட்ட காலத்தில் பெரட்டுக் களத்தில் காலைதோறும் கூப்பிடப்பட்ட பெயர்கள் முனியாண்டி, காளிமுத்து, பெருமாள், வீராசாமி, மாரிமுத்து போன்ற குலதெய்வப் பெயர்களே. ஒரே தோட்டத்தில் முனியாண்டிகள் பலர் இருந்தால் தந்தை பெயரைச் சேர்த்தெழுதுவதைத் தவிரக் கிராணியாருக்கு வேறு வழியில்லை. ஆங்கில ஆட்சியில் 'எஸ்/ஓ' என்றும், பின்னர் மலாய் மொழியில் 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கமான 'ஏ/எல்' என்றும் அம்முறை நிலைபெற்றது. தமிழில் எழுதும்பொழுது 'த/பெ' என்கிறோம். மலாய்க்காரரின் 'பின்', சரவாக் ஈபானியரின் 'அனாக்' ஆகியவையும் இதே உறவைச் சுட்டுவன. ஆதலின் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக மாற்றிக்கொள்ள வேண்டிய நெருக்கடி இந்நாட்டில் தமிழருக்கு எழவில்லை. இது நற்பேறே.

இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. கிராணியார் காதில் விழுந்ததை உரோமன் எழுத்தில் எழுதினார். ல, ள, ழ மூன்றும் ஒன்றாயின. ன, ண வேறுபாடு மறைந்தது. அவசரகாலத்தில், 1948இல், அடையாள அட்டைப் பதிவு தொடங்கிய பின்னர் அவ்வெழுத்துக்கூட்டல் சட்டத் தகுதி பெற்றது. ஒரு தந்தையின் பெயர் அண்ணன் சான்றிதழில் ஒருவிதமாகவும் தம்பி சான்றிதழில் வேறுவிதமாகவும் அமைந்த குடும்பங்கள் பல. உரோமன் எழுத்திலுள்ள பெயரைக் கண்டு 'வளவன்' என எழுதுவதா, 'வலவன்' என எழுதுவதா எனத் தமிழாசிரியர் திகைப்பது இன்றும் தொடர்கிறது.

தலைப்பெழுத்து உண்டாக்கிய பிளவு

நகரத்தார் தம் பெயருக்கு முன் மூதாதையர் பெயர்களின் முதலெழுத்துகளை விலாசமாக நிறுத்தி வணிகம் செய்தனர். தலைப்பெழுத்து முறைக்கு அது செழுமையான எடுத்துக்காட்டு. ஆங்கிலக் கல்வி பெற்ற ஏனையோரும் தலைப்பெழுத்தை ஏற்றபொழுது விந்தையான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. இதற்கு இந்நிலப்பகுதியின் பொதுவாழ்விலிருந்தே இரு சான்றுகள் தரலாம்.

சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து, 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக விளங்கியவர் துன் சம்பந்தன். அவரின் இயற்பெயர் திருஞானசம்பந்தன்; தந்தையார் வீராசாமி. 'வீ. தி. சம்பந்தன்' என்பதில் 'வீ' தந்தையைக் குறிக்கிறது. 'தி' யாரைக் குறிக்கிறது? வேறெவரையும் அன்று, அவர் பெயரின் முற்பகுதியையே. ஒரே பெயர் இரண்டாகப் பிளந்து, முற்பாதி நடுப்பெயர்போல் நிற்கிறது. 1999 முதல் 2011 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த எஸ். ஆர். நாதன் பெயரும் இவ்வாறே. செல்லப்பன் இராமநாதன் என்பதில் இராமநாதன் 'ஆர். நாதன்' எனப் பிரிந்தது. ஆங்கிலேயர் நாவுக்கு நீண்ட பெயர் இடர்ப்பாடாக இருந்தமையும் மூன்று உறுப்புடைய பெயரே முழுமையானது என்னும் அக்கால எண்ணமும் இதற்குத் துணைநின்றிருத்தல் கூடும். நடுப்பெயர் புதிதாக வந்து சேரும் முன்னரே, நடுவிடம் ஒன்று நம் பெயர்களில் உருவாகிவிட்டது எனலாம்.

சாதிப்பெயர் அகன்ற இடம்

நடுவிலோ இறுதியிலோ அதுவரை இருந்துவந்தது பிறிதொன்று: சாதிப் பட்டம். 1929ஆம் ஆண்டு பிப்பிரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பின்னொட்டைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1954இல் மீண்டும் வந்தார். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அக்கருத்துகளைச் சிங்கப்பூர், மலாயாத் தமிழரிடையே பரப்பினார். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், வேதாசலம் என்னும் தம் பெயரை அவர் மாற்றிக்கொண்ட செயலும் இங்கு எதிரொலித்தன. முனியாண்டியின் மகன் அன்பழகன் ஆனான். காளிமுத்துவின் மகன் இளங்கோ ஆனான். அத்தலைமுறைக்கு நடுப்பெயர் வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரே கொள்கையை அறிவித்தது.

எனினும், ஒன்றை மறைத்தல் தகாது. அன்பழகன் என்னும் பெயர் சாதியை மட்டுமா நீக்கியது? பாட்டன் பெயரையும் நீக்கியது. பெயரன் பெயரன் அல்லாதவனானான். சீர்திருத்தம் வேண்டிய ஒன்றே என்பதில் நமக்கு ஐயமில்லை; ஆயினும் தோட்டத்துக் காளிமுத்துவின் நினைவு அதனோடு சேர்ந்தே மங்கியது.

நட்சத்திர எழுத்தும் நடுப்பெயரும்

அடுத்த தலைமுறையில் சோதிடம் வேறொரு வாயிலாக நுழைந்தது. பிறந்த நட்சத்திரத்தின் பாதத்துக்கு உரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்பர். 27 நட்சத்திரங்களுக்கு நான்கு பாதம் வீதம் 108 எழுத்துகள். இவ்வட்டவணை வடமொழி ஒலிகளை ஒட்டியது. பூர நட்சத்திரத்துக்கு மோ, டா, டீ, டூ என்பவை உரியன. தமிழில் டகரம் மொழிமுதல் வாராது. அசுவினியின் நான்காம் பாதத்துக்கு உரிய 'லா'வும் தமிழ் மரபில் மொழிமுதல் ஆகாது. பூரத்தில் பிறந்த ஆண்குழந்தைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் பெற்றோர், மோகாரம் ஒன்றை விட்டால் அட்டவணைக்குள் தமிழ்ப்பெயர் காணமாட்டார். அதன் பயனாக அட்டவணைக்கு இசைந்த பெயர் முதலில் நின்றது. மனத்துக்கு இசைந்த தமிழ்ப்பெயரோ பாட்டன் பெயரோ இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தது. எண்கணிதம் பார்ப்போர் கூட்டுத்தொகையைச் சரிசெய்யவும் அவ்விரண்டாம் இடமே உதவியது. மலேசியப் பிறப்புப் பதிவில் நடுப்பெயருக்கெனத் தனிக்கட்டம் கிடையாது. முழுப்பெயர் ஒரே தொடராக எழுதப்படும். எனவே இடையில் எதனையும் செருகலாம். இடநெருக்கடியே இல்லாத இடத்தில் ஆசைகள் பெருகுதல் இயல்புதானே.

நடுப்பெயரின் இன்றைய பயன் என்ன? அது பாட்டன் பெயரின் புகலிடமாகியிருக்கிறது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லலாகாது என்னும் கட்டுப்பாடு இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. ஆயின் அப்பெயர் பழமையானது, பள்ளியில் நகைப்புக்கு இடமாகும் என்னும் கூச்சம் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய அழைபெயரும் பத்திரப்பெயரும் இடம் மாறாமலே உள்ளன, காரணம்தான் மாறியுள்ளது. 'ராஜ்', 'குமார்' என்னும் ஓசை நிரப்பிகளை நடுவில் வைப்பதினும் பாட்டன் பெயரை வைப்பது மேல் என்போம். அதனினும் மேலானது அப்பெயரை முதலில் வைப்பது. நகைப்புக்கு அஞ்சி ஒளிக்கத்தக்க குறை எதுவும் வீராசாமி என்னும் பெயரில் இல்லை.

வெளிநாடு செல்வோர் எதிர்கொள்ளும் இடரும் ஈண்டு எண்ணத்தக்கது. குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் தந்தை பெயர் அவ்விடத்தை நிரப்புகிறது; மாணவன் தன் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுகிறான். சாய்கோட்டை ஏற்காத கணினி 'ஏ', 'எல்' இரண்டையும் ஒட்டி 'அல்' என நடுப்பெயராக்கிவிடுவதும் உண்டு. தோட்டத்துப் பிள்ளை அரபு நாட்டவன் ஆகிறான்! சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தை அயல்நாட்டு ஏடுகள் 'சண்முகரத்தினம்' எனச் சுட்டுவதும் இவ்வகையினதே. சண்முகரத்தினம் அவர்தம் தந்தையார்.

கிறித்தவத் தமிழர் பெயரமைப்பு தனி ஆய்வுக்குரியது. எனினும், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் 1961 முதல் 1969 வரை பேராசிரியராகப் பணியாற்றி, முதல் உலகத் தமிழ் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டிய அடிகளாரின் பெயரை இங்குச் சுட்டாதிருத்தல் இயலாது. 1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பனில் பிறந்தபொழுது அவருக்கு வழங்கிய பெயர் சேவியர் நிக்கலசு சுதனிசுலாசு. பின்னாளில் தனிநாயகம் என்னும் தமிழ்ப்பெயரை ஏற்றார். தந்தையிடமிருந்து வந்த சுதனிசுலாசு என்பதனை அவர் நீக்கிவிடவில்லை. சேவியருக்கும் தனிநாயகத்துக்கும் நடுவே, 'எஸ்.' என்னும் ஓரெழுத்தாக அது நின்றது.