மதகுக்கு மேலே மீன், கீழே மருந்து

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வீட்டுத் தோட்டம் போடுறவங்களுக்குத் தரை கிடைப்பது கஷ்டம். மொட்டை மாடிதான் தோட்டம். அதில் சிலர் அக்வாபோனிக்ஸ் பக்கம் போகிறார்கள். ஒரு தொட்டியில் ஜிலேபி மீன், பக்கத்தில் கீரை, தக்காளி. மீன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்குப் போகும், செடி சத்தை எடுத்துக்கொண்டதும் அதே தண்ணீர் மீனுக்குத் திரும்பி வரும். அசுவினியோ வெள்ளை ஈயோ வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ரசாயனம் வேணாம், இயற்கை மருந்து அடிங்க, மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

பூச்சிமருந்துகளின் வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பதில் நிற்காது. ஏன் என்பதை இந்த வட்டாரத்து ஏரியிலிருந்தே தொடங்கலாம்.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம். கரை, மதகு, மதகுக்குக் கீழே ஆயக்கட்டு. மீன் ஏரியில், பயிர் வயலில். தண்ணீர் மேலிருந்து கீழே ஒரே திசையில்தான் ஓடும். வயலில் எதைக் கரைத்துத் தெளித்தாலும் அது அந்த ஏரி மீனிடம் திரும்பி வராது. நம் கஷாயங்களும் புண்ணாக்குகளும் புழங்கியது இந்த அமைப்புக்குள்தான்.

ஆனால் இந்த ஏரிகள் ஒன்றோடொன்று தொடுத்தவை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. மேல் ஊர் வயலின் வடிநீர் கீழ் ஊர் ஏரிக்கு வரத்து. கஷாயக் காலத்தில் இது பெரிய விஷயமாக இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு டி.டி.டி, பி.எச்.சி, எண்ட்ரின், பாரத்தியான் எல்லாம் வந்தபோதுதான் கணக்கு மாறியது. பாரத்தியானின் கம்பெனிப் பெயரான 'பாலிடால்' நம் கிராமத்துப் பேச்சில் விஷத்துக்கே பெயராகிப் போனது. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்துவிட்ட மாவைச் சாப்பிட்டு 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். எண்ட்ரினும் எண்டோசல்பானும் மீனுக்கு மிகக் கொடியவை. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட 2011 ஆனது.

சரி, ரசாயனம் கெட்டது, இயற்கை நல்லதுதானே? அங்கேதான் வரலாறு குறுக்கே நிற்கிறது. செடியிலிருந்து எடுத்த பூச்சிமருந்துகளில் பேர்பெற்ற சில, மீனுக்கும் கொடிய விஷங்கள். ஒன்று மீன்பிடி விஷமாகவே இருந்து பிறகு தோட்டத்துக்கு வந்தது.

மலாயாவில் 'துபா' என்றொரு கொடி. அதன் வேரை இடித்து ஆற்றில் கரைத்தால் மீன்கள் மயங்கி மிதக்கும். 1848இல் சிங்கப்பூரில் ஆக்ஸ்லி என்பவர், ஜாதிக்காய் மரத்துப் புழுக்களுக்கு அதே வேரைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1902இல் ஜப்பானின் நாகாய் அதன் விஷத்தைப் பிரித்தெடுத்து 'ரோட்டினோன்' என்று பெயரிட்டார். உலகம் முழுக்கத் தோட்டக்காரர்கள் அதை இயற்கை மருந்து என்று பல பத்தாண்டுகள் வாங்கினார்கள். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதை அது தடுக்கிறது. மீனுக்குச் செவுள் வழியாக நேரே ரத்தத்தில் ஏறும்.

நம் ஊரிலும் இதே கதைதான். காக்கைக்கொல்லி விதை மீனை மயக்கப் பயன்பட்டது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்த பிரான்சிஸ் டே, 1873இல் நன்னீர் மீன்வளம் பற்றித் தந்த அறிக்கையில் மீன்கள் எப்படியெல்லாம் அழிக்கப்படுகின்றன என்று விரிவாகப் பதிவு செய்தார். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. இன்றைக்கும் மீன் வளர்ப்பவர்கள் குட்டையில் வேண்டாத மீன்களைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்குதான் போடுகிறார்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டைக்கு ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 கிலோ. விஷம் அடங்கிய பிறகு அதுவே குட்டைக்கு உரம். அதைவிட இயற்கையான பொருள் எது?

சாமந்தி இனத்துப் பூவிலிருந்து வரும் பைரீத்ரமும் இப்படித்தான். அதைப் பார்த்துச் செய்த செயற்கை மருந்துகளில் முக்கியமான பெர்மெத்ரின், 1973இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் மைக்கேல் எலியட் குழுவினர் உருவாக்கியது. மனித உடல் இவற்றைச் சீக்கிரம் சிதைத்துவிடும், மீனால் அப்படி முடியாது. புகையிலைக் கஷாயமும் ஆகாது. சோப்புக் கரைசல் செவுளைக் கெடுக்கும். கோமியம் சேர்த்த பூச்சிவிரட்டி தொட்டியில் அம்மோனியாவைக் கூட்டும். வயலில் நல்ல பெயர் எடுத்த சரக்குதான், இடம்தான் தப்பு.

வேம்பு கொஞ்சம் நடுவில் நிற்கிறது. 1962இல் டெல்லியில் பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினார்கள். 1968இல் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. ரோட்டினோன் அளவுக்கு வேம்பு மீனைக் கொல்வதில்லை. ஆனாலும் அளவு கூடினால் செவுள் பாதிக்கும், எண்ணெயைக் கரைக்கச் சேர்க்கும் சோப்பு இன்னொரு தொல்லை. செடியைத் தண்ணீரிலிருந்து தனியே எடுத்து, இலையில் மட்டும் தெளித்து, காய்ந்த பிறகு திருப்பி வைக்க முடிந்தால் பயன்படுத்தலாம். முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

மீனுக்கு ஒத்துவரும் வழிக்கும் தமிழ்நாட்டில் நல்ல வரலாறு இருக்கிறது. 1898இல் நியூபோர்ட் என்ற தோட்டக்காரர், காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொறிவண்டைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பெயர் கிரிப்டோலேமஸ். வந்த வேலை நடக்கவில்லை. ஆனால் வண்டு இங்கேயே தங்கி, பின்னாளில் மாவுப்பூச்சிக்கு எமனாகிவிட்டது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளையாகிப் போயின, மருந்து எடுபடவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டு, வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி விநியோகித்தது. தொல்லை அடங்கியது. இப்படிப்பட்ட வண்டு தொட்டியில் விழுந்தால் மீனுக்கு ஆபத்தில்லை. மீன் அதைச் சாப்பிட்டுவிடும், அவ்வளவுதான்.

புழுக்களுக்கு இன்னொரு வழி பி.டி. எனப்படும் பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா, செத்த பட்டுப்புழுவில் இதைக் கண்டார். 1911இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பெர்லினர் மறுபடி கண்டார், பெயரும் அந்த ஊரிலிருந்தே வந்தது. இதன் நச்சு புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் வேலை செய்யும், மீன் குடலில் செய்யாது. இலை தின்னும் புழுவுக்கு மட்டும்தான் இது. சாறு உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்குப் பயன்படாது. அவற்றுக்குக் கையால் நசுக்குவது, தண்ணீரைப் பீய்ச்சுவது, மஞ்சள் ஒட்டும் அட்டை, வலை, மேலே சொன்ன வண்டுகள்.

1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். ஆயக்கட்டு நிலம் நிறையக் கைமாறிவிட்டது. மாடித் தொட்டியில் மதகும் கிடையாது, மேல் கீழும் கிடையாது. அங்கே வடிநீர்தான் வரத்து. அதனால் டப்பாவின் மேல் 'இயற்கை' என்று இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்த முடியாது. தெளிக்கிறது மீன்கிட்ட போய்ச் சேருமா, சேர்ந்தால் செவுளை என்ன செய்யும் என்றுதான் கேட்க வேண்டும்.

உங்கள் ஊரில் மீனை மயக்க எந்தச் செடியைப் பயன்படுத்தினார்கள் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் எழுதுங்கள். மீன் தொட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாத செடிகளின் பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம்.